வாப்பாவுக்கு அரை நிமிஷம்

ராத்தாட நிக்காஹ் 2022 ஜூன் மாசம், ஒரு ஞாயிற்றுக்கிழமை அசருக்குப் பிறகு நடந்தது. அந்த ஜூன் எப்படி இருந்தது என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பெற்றோல் செட்டுக்கு முன்னால் மோட்டார் சைக்கிளை வரிசையில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிட்டு, தூங்கி, திரும்பப் போய்ப் பார்த்தால் வரிசை பத்தடி நகர்ந்திருக்கும். கரண்ட் எந்தெந்த நேரம் போகும் என்று எழுத்து எழுத்தாகப் பட்டியல் வரும். எங்கட எழுத்தைப் பார்த்துத்தான் நிக்காஹுக்கு நேரமே குறித்தோம்.

வாப்பா ஷார்ஜாவில். ரூபா விழுந்ததில் அவர் அனுப்புகிற திர்ஹத்துக்கு இங்கே கூடுதலாகக் காசு வந்தது. அதனாலேயே, “இப்ப வேலைய விட்டுப்போட்டு வரவாணாம்” என்று வீட்டில் பெரியவங்க எல்லாரும் சொன்னாங்க. லீவு கேட்டுப் பார்த்தார், கிடைக்கல்ல. கடைசியில் சாச்சாவுக்கு வக்காலத்து எழுதி அனுப்பிவிட்டு, எனக்கு ஒரு வொய்ஸ் மெசேஜ் போட்டார். “மகன், நீ அந்த லைவ் வேலதானே செய்றா. எனக்கு அத மட்டும் வடிவா காட்டிரு.”

நான் அப்போது கல்முனையில் ஒரு ஸ்டூடியோவில் ஒரு வருஷமாக எடுபிடி. கமரா தூக்குவது, வயர் சுற்றுவது, லைவ் போகும்போது லெப்டொப்புக்கு முன்னால் குந்திக்கொண்டு பச்சைப் புள்ளி சிவப்பாகுதா என்று பார்ப்பது. எனக்கு லைவ் என்றால் அவ்வளவுதான். பட்டனை அழுத்தினால் போகும். போகாவிட்டால் ரவுட்டரை ஓஃப் பண்ணி ஒன் பண்ணுவது.

நீங்கள் கேட்கலாம், ஏன் இவ்வளவு பாடு, ஒரு வீடியோ கோல் போதாதா என்று. ஐக்கிய அரபு இராச்சியத்தில் இருக்கிறவர்களின் வீட்டுக்காரர்களுக்கு இது தெரியும். அங்கே வட்ஸ்அப்பில் எழுதலாம், படம் அனுப்பலாம், குரல் அனுப்பலாம். கோல் எடுக்கேலாது. அனுமதியுள்ள போட்டிம் மாதிரி ஆப்களில்தான் கதைக்கலாம். அதோடு பள்ளிக்குள் சனத்துக்கு நடுவில் ஒரு பொடியன் போனைத் தூக்கிப் பிடிச்சிக்கொண்டு நின்றால் வாப்பா பார்க்கப்போவது பாதி நேரம் பள்ளி மின்விசிறியைத்தான். டோஹா, ரியாத், லண்டன் என்று வேறு சொந்தக்காரர்களும் லிங்க் கேட்டுக்கொண்டு இருந்தாங்க.

அதைவிட இன்னொரு ஆளுக்கும் அந்த லைவ் தேவைப்பட்டது. ராத்தாவுக்கு.

எங்கட பக்கம் நிக்காஹ் பள்ளியில் நடக்கும்போது பொண்ணு வீட்டில் இருப்பா. காலையில் சாச்சாவும் ரெண்டு சாட்சியும் வந்து அவட சம்மதத்தைக் கேட்டுவிட்டுப் போனாங்க. அதுக்குப் பிறகு நடக்கிறதெல்லாம் ஆம்புளைகளுக்கு நடுவில். பதிவுப் புத்தகத்தில் மாப்பிள்ளை கையெழுத்து வைப்பார், வலி கையெழுத்து வைப்பார். 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தில் பொண்ணு கையெழுத்து வைக்கவேணும் என்று இல்லை. அதைத் திருத்தச் சொல்லி எத்தனையோ வருஷமாகக் கதைக்கிறாங்க, அது வேறொரு கட்டுரை. நான் சொல்ல வருவது, எங்கட வீட்டிலிருந்து பள்ளிக்கு நானூறு யார்தான் இருக்கும். அந்த நானூறு யாருக்கு அப்பால் நடந்த சொந்த நிக்காஹை ராத்தா டிவியில்தான் பார்த்தா. நானூறு யார் என்ற அந்தக் கணக்கு பிறகு திரும்ப வரும், ஞாபகம் வச்சிக்கொள்ளுங்க.

முதல் நாள் இரவு பதினொரு மணிக்கு ஒத்திகை பார்த்தேன். கமரா, கெப்சர் கார்ட், லெப்டொப், சிம் போட்ட ரவுட்டர். வெறிச்சோடின பள்ளிக்குள் மாப்பிள்ளை இருக்கப்போகிற இடத்தில் தம்பியை இருத்தினேன். வாப்பா அங்கே ஒரு போனில் லைவைப் பார்க்கிறார், இன்னொரு போனில் போட்டிமில் என்னோடு கதைக்கிறார். தம்பி கையை ஆட்டினான்.

“வாப்பா, தெரியுதா?”

“தெரியுது மகன். சும்மா இரிக்கான்.”

நான் மனசுக்குள் எண்ணத் தொடங்கினேன். இருபத்தஞ்சு, இருபத்தாறு, இருபத்தேழு.

“ஆ, இப்ப கைய ஆட்டுறான்.”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கல்முனையிலிருந்து ஷார்ஜா நேர்கோட்டில் சுமார் 3,400 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ இரண்டு இலட்சம் கிலோமீட்டர் போகும். அப்படியென்றால் அந்தத் தூரத்துக்கு ஒரு செக்கனில் அறுபதில் ஒரு பங்கு போதும். கடலடிக் கேபிள் சுற்றி வளைந்து போனாலும் அதைப்போல சில மடங்கு ஆகும், அவ்வளவுதான். மிச்ச இருபத்தாறு செக்கனும் எங்கே போனது?

அந்த இரவு அதைத் தேட நேரமில்லை. லைவ் தளத்தின் செட்டிங்கில் தாமதம் என்று ஓர் இடம் இருந்தது. மூன்று தெரிவு: சாதாரணம், குறைவு, மிகக் குறைவு. சாதாரணத்தில் இருந்தது. மிகக் குறைவுக்கு மாற்றினேன். தம்பி திரும்பக் கையை ஆட்டினான். அஞ்சு செக்கனில் வாப்பா சிரித்தார். நானும் பெரிய கெட்டிக்காரன் மாதிரி வயரைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அடுத்த நாள் பள்ளியில் முந்நூறு பேர் இருக்கும். எல்லார் கையிலும் போன். நான் 720 தரத்தில், செக்கனுக்கு 2,500 கிலோபிட்டில் அனுப்பிக்கொண்டிருந்தேன். புள்ளி பச்சை. குத்பா முடியும்போது ஒருக்கா மஞ்சளாகி, திரும்பப் பச்சையானது. சாச்சா மாப்பிள்ளையின் கையைப் பிடித்தார். மைக்கில் சொன்னார். மாப்பிள்ளை கபூல் சொன்னார். லெப்டொப்பில் எல்லாம் ஒழுங்கு.

வீட்டில் நடந்ததை உம்மா பிறகு சொன்னா. பள்ளி லவுட்ஸ்பீக்கர் சத்தம் காற்றில் அந்த நானூறு யாரைக் கடக்க ஒரு செக்கனுக்குக் கொஞ்சம் கூட எடுக்கும். பொம்புளைகள் அதைக் கேட்டவுடனேயே குரவை போட்டாங்க. குரவைச் சத்தத்துக்கு நடுவில் டிவியில் மாப்பிள்ளை இன்னும் வாயே திறக்கல்ல. கொஞ்ச நேரத்தில் அவர் கபூல் சொல்ல, ரெண்டாம் தரமும் குரவை. சாச்சி இதுக்கிடையில் வாப்பாவுக்குக் கோல் எடுத்து முபாரக் சொல்லியிருக்கா.

இரவு நான் கேட்டேன். “வாப்பா, பாத்தீங்களா?”

“பாத்தன் மகன். வடிவா இரிந்திச்சி.”

ஒரு கிழமை கழிந்தது. வாப்பா கோல் எடுத்து விருந்து, மாப்பிள்ளை, கரண்ட், பெற்றோல் எல்லாம் கதைத்து முடித்து, வைக்கிற நேரம் கேட்டார். “மகன், அந்தக் கபூல் செல்ற எடத்த மட்டும் வெட்டி அனுப்பேலுமா?”

“ஏன் வாப்பா, நீங்க பாத்தீங்கதானே?”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. “தம்பி கைய நீட்டினான். அப்ப சுத்தத் தொடங்கிச்சி. வட்டமா சுத்திக்கிட்டே இரிந்திச்சி. பொறகு பாத்தா எல்லாரும் பேரீச்சம்பழம் தின்டுக்கிட்டு இரிக்காங்க.”

நான் ஓடிப்போய்த் தளத்தில் இருந்த பதிவைத் திறந்தேன். கபூல் இருந்தது. கொஞ்சமும் குறையாமல், சத்தம் படம் எல்லாம் சரியாக. அப்படியென்றால் என்னிடமிருந்து போனது சரி, தளத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் சரி. வாப்பாவின் கைக்கு மட்டும் வரல்ல. அன்றைக்குத்தான் நான் முதன்முதலாக இந்தச் சாமான் எப்படி வேலை செய்யுது என்று படிக்கத் தொடங்கினேன். கோபத்தில் படிப்பதும் ஒரு படிப்புத்தான்.

இணையத்தில் எதை அனுப்பினாலும் அது சின்னச் சின்னப் பொதிகளாக உடைந்துதான் போகும். அந்தப் பொதிகளைக் கொண்டுபோக ரெண்டு பழைய வழி இருக்கிறது. ஒன்று டிசிபி, மற்றது யூடிபி. ரெண்டும் என்னையும் உங்களையும்விட மூத்ததுகள். யூடிபியின் வரையறை 1980இல் வந்தது. ஜொன் போஸ்டல் எழுதியது, மொத்தமே மூன்று பக்கம். டிசிபிக்கு அடுத்த வருஷம் வந்த வரையறை ஒரு புத்தகம் மாதிரி.

இதை எனக்கு விளங்கின மாதிரிச் சொல்கிறேன். கல்யாண வீட்டில் சமையல் கொட்டிலிலிருந்து பந்தலுக்கு சஹன் போவதைப் பார்த்திருப்பீங்க. பொடியன்மார் வரிசையாக நின்று கைக்குக் கை மாற்றுவாங்க. ஒவ்வொரு சஹனுக்கும் இலக்கம் இருக்கு என்று வச்சிக்கொள்ளுங்க. டிசிபி முறையில் ஒவ்வொரு சஹனும் போய்ச் சேர்ந்ததா என்று பந்தலிலிருந்து பதில் வரவேணும். மூன்றாம் சஹன் வழியில் கொட்டிப்போனால், கொட்டிலில் இருந்து இன்னொரு மூன்றாம் சஹன் வரும்வரை நாலையும் அஞ்சையும் யாருக்கும் வைக்கேலாது. அதுகள் வந்து பந்தல் வாசலில் ஆறிக்கொண்டு இருக்கும். யூடிபி முறையில் அனுப்புகிறவன் அனுப்பிக்கொண்டே இருப்பான். கொட்டினது கொட்டினதுதான். மூன்றாம் சஹனுக்குரிய ஆறு பேர் பட்டினி, மற்றவங்களுக்குச் சூடாகக் கிடைக்கும்.

வங்கிக் கணக்குக்கு டிசிபி வேணும். ஓர் இலக்கம் தவறினால் காசு தவறும். கதைக்கிறதுக்கு யூடிபி நல்லது. ஒரு சொல் விழுந்தாலும், “என்ன சென்னீங்க?” என்று கேட்டுக்கொள்ளலாம். 1990களில் இணையத்தில் சத்தமும் படமும் அனுப்பத் தொடங்கினவங்க யூடிபியைத்தான் நம்பினாங்க. அதுக்கு மேலே நேரக்குறியும் வரிசை இலக்கமும் ஒட்டிக் கொடுக்க 1996இல் ஆர்டிபி என்ற வரையறை வந்தது. வீடியோ கோல்களுக்குப் பின்னால் இன்றைக்கும் நிற்பது பெரும்பாலும் அதன் பிள்ளை குட்டிகள்தான்.

டிசிபிக்கு இன்னொரு குணம் இருக்கு, கூச்சம். 1986 ஒக்டோபரில் கலிபோர்னியாவில் லோரன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடத்துக்கும் பேர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையில் இருந்த இணைப்பு, செக்கனுக்கு 32,000 பிட்டிலிருந்து வெறும் 40 பிட்டுக்கு விழுந்தது. இரண்டு இடத்துக்கும் நடுவில் தூரம் நானூறு யார்! பள்ளிக்கும் எங்கட வீட்டுக்கும் உள்ள அதே தூரம். நடந்துபோய்க் கையில் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். எல்லாரும் ஒரே நேரத்தில் அனுப்ப, நெரிசலில் பொதிகள் தொலைய, தொலைந்ததை எல்லாரும் திரும்ப அனுப்ப, நெரிசல் இன்னும் கூடினதுதான் காரணம். வான் ஜேகப்சன் இதை ஆராய்ந்து 1988இல் ஒரு கட்டுரை எழுதினார். அதுக்குப் பிறகு டிசிபி, ஒரு பொதி தொலைந்தால், “சரி, வழியில் சனம் கூடிப்போச்சு” என்று எடுத்துக்கொண்டு தன் வேகத்தைப் பாதியாகக் குறைத்து, திரும்ப மெல்ல மெல்லக் கூட்டும். நல்ல குணம்தான். ஆனால் வாப்பாவின் அறையில் எட்டுப் பேர், ஒரு வைஃபை. ஞாயிறு, லீவு நாள். அங்கே பின்னேரம் ரெண்டே முக்கால், எட்டுப் பேரும் அவங்கவங்க ஊருக்குக் கதைக்கிற நேரம். வாப்பாவின் போன் ஒவ்வொரு தரமும் ஒதுங்கி வழி விட்டுக்கொண்டே இருந்திருக்கும். வாப்பாவும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

சரி, அந்த இருபத்தேழு செக்கனுக்கு வருவோம்.

என் லெப்டொப்பிலிருந்து தளத்துக்குப் போனது ஆர்டிஎம்பி. மெக்ரோமீடியா கம்பனி ஃபிளாஷுக்காகச் செய்தது, 1935ஆம் இலக்கப் போர்ட்டில் டிசிபிக்கு மேலே ஓடுவது. ஃபிளாஷ் 2020 கடைசியோடு மவுத்தாகிவிட்டது. அதன் இந்தக் குடை மட்டும் இன்னும் எல்லார் வீட்டுக் கதவிலும் தொங்குது. எந்த ஸ்டூடியோவில் கேட்டாலும் லைவ் ஏற்றுவது இதில்தான்.

தளத்துக்குப் போன வீடியோ அப்படியே வாப்பாவுக்குப் போகாது. அங்கே அதைப் பல தரங்களில் மறுபடி செய்து, தொதல் வெட்டுகிற மாதிரித் துண்டு துண்டாக வெட்டுவாங்க. ஒவ்வொரு துண்டும் சில செக்கன் நீளமுள்ள ஒரு தனிக் கோப்பு. பார்க்கிறவரின் போன், ஒரு வெப் பக்கத்தைத் திறக்கிற மாதிரியே, அந்தத் துண்டுகளை ஒன்றுக்குப் பின் ஒன்றாகக் கேட்டு வாங்கும். அப்பிள் 2009இல் கொண்டுவந்த எச்எல்எஸ் இப்படித்தான். ஐபோன் ஃபிளாஷை உள்ளே விடாததால் அவங்களுக்கு வேறு வழி வேண்டியிருந்தது. 2012இல் டாஷ் என்ற பொதுத் தரமும் வந்தது. வேலை ஏறத்தாழ ஒன்றுதான்.

எச்எல்எஸ்ஸின் தொடக்கக் காலத்தில் ஒரு துண்டு பத்து செக்கன் இருக்கட்டும் என்று அப்பிள் சொன்னது. மூன்று துண்டு கையில் சேர்ந்த பிறகு ஓடத் தொடங்குவது வழக்கம். மூன்று பத்து முப்பது. அங்கே போனது என் அரை நிமிஷம்! கடலிலும் இல்லை, கேபிளிலும் இல்லை. வாப்பாவின் போனுக்குள்ளேயே, முன்கூட்டி வாங்கி வைத்த சோறு மாதிரி இருந்திருக்கு. பிறகு துண்டு சிறிதாகி ஆறு செக்கனுக்கும் அதுக்குக் கீழேயும் வந்தது, ஆனால் கதை அதே கதை.

நீங்கள் இதைப் பிந்துவது என்று பார்த்தால் அது குறை. கையிருப்பு என்று பார்த்தால் வேறு மாதிரி. எட்டுப் பேருடைய வைஃபையில் இருபது செக்கனுக்கு ஒன்றுமே வராமல் போனாலும் கையில் இருபத்தேழு செக்கன் இருக்குமட்டும் படம் நிற்காது. அந்த இருபது செக்கனுக்குள் டிசிபி தொலைந்த பொதியைக் கேட்டு வாங்கி, ஒழுங்குபடுத்தி, மெல்ல வேகம் பிடித்துவிடும். பார்க்கிறவருக்கு ஒன்றும் தெரியாது.

நான் முதல் நாள் இரவு என்ன செய்தேன்? வெட்கத்தில் வாப்பாவின் கையிருப்பை அஞ்சு செக்கனாகக் குறைத்துவிட்டேன். அடுத்த நாள் அவரின் இணைப்பு அஞ்சு செக்கனுக்கு மேல் திணறியபோது கையில் ஒன்றுமில்லை, வட்டம் சுத்தத் தொடங்கியது. இணைப்பு திரும்ப வந்தபோது, தாமதம் மிகக் குறைவாக இருக்கவேணும் என்று நான் கட்டளை போட்டிருந்ததால், பிளேயர் விட்ட இடத்திலிருந்து தொடராமல் இப்போது நடப்பதற்குத் தாவிவிட்டது. இப்போது நடந்துகொண்டிருந்தது பேரீச்சம்பழம்.

சாதாரணத்தில் விட்டிருந்தால் வாப்பா அரை நிமிஷம் பிந்தி, முழுசாகப் பார்த்திருப்பார். வீட்டு டிவிக்கு நல்ல இணைப்பு, அங்கே ஒன்றும் நடக்கல்ல. லவுட்ஸ்பீக்கரில் ஒருக்கா, டிவியில் ஒருக்கா என்று ராத்தா தன் நிக்காஹை ரெண்டு தரம் கேட்டா. வாப்பா ஒரு தரமும் கேட்கல்ல. சாச்சியின் முபாரக்தான் அவருக்கு வந்த செய்தி.

இதை அவரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். “அர நிமிசம் எனக்கு என்ன மகன்? மூணு வருசமா நான் ஊட்டுக்கே வரல்ல.” அப்படிச் சொன்னது எனக்கு ஆறுதலா, இன்னும் குத்துதா என்று இன்றைக்கும் தெரியாது. வெட்டி அனுப்பின துண்டு அவர் போனில் இருக்கு.

அதே வருஷம் செப்டம்பர் 11, ஆசியக் கிண்ண இறுதி. துபாயில் நாங்க பாகிஸ்தானை 23 ஓட்டத்தால் வென்றது. நாங்க நாலு பேர் ஸ்டூடியோவில் லெப்டொப்பில் பார்க்கிறோம். பக்கத்து வீட்டில் டிஷ். ஹசரங்க 17ஆவது ஓவரில் மூன்று விக்கெட் எடுத்தார். மூன்றும் எங்களுக்கு முதலில் பக்கத்து வீட்டுக் கூச்சலாகத்தான் வந்தது. டிஷ்ஷுக்காரனுக்குத் துண்டு வெட்டுகிற வேலை இல்லை, செட்டலைட்டிலிருந்து ஒரு பாய்ச்சலில் எல்லா வீட்டுக்கும் விழும். “மச்சான், இதக் கொஞ்சம் குறைக்கேலாதா?” என்று கூட இருந்தவன் கேட்டான். நான் அவனுக்கு ராத்தாட நிக்காஹைச் சொன்னேன். பாதிக் கதையில் இன்னொரு கூச்சல் வந்து கதையும் கெட்டது, விக்கெட்டும் கெட்டது.

ஆனாலும் இந்தத் துண்டு முறையை ஏசுகிறவங்க ஒன்றை யோசிக்கவேணும். அடுத்த வருஷம், 2023 நவம்பர் 19, இந்தியா அவுஸ்திரேலியா உலகக் கிண்ண இறுதியை ஹொட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 5.9 கோடிப் பேர் பார்த்தாங்க. அத்தனை பேருக்கும் தனித்தனியாக வீடியோ கோல் மாதிரி ஒரு தொடுப்புப் பிடித்து வைக்கிறது நினைக்கேலாத வேலை. ஒரு துண்டு என்பது சாதாரண வெப் கோப்பு. ஒரு தரம் செய்தால் ஊருக்கு ஊர் பிரதி வைத்துப் பக்கத்தில் இருந்தே கொடுக்கலாம். வீடியோ கோலுக்குப் பின்னால் இருக்கிற வெப்ஆர்டிசி ஒரு செக்கனுக்குள்ளேயே கொண்டுபோய்க் கொடுக்கும், ஆனால் ஆள் கூடக் கூட அதைத் தாங்குவதற்குச் செலவு ஏறும். வேகம், கூட்டம், நிற்காத படம். மூன்றையும் மலிவாக ஒருத்தரும் இன்னும் தரல்ல.

சஹன் வரிசையில் மூன்றாம் சஹனுக்காக மற்றதெல்லாம் காத்துக்கிடக்கிற சிக்கலுக்கும் மருந்து தேடியிருக்கிறாங்க. கூகிளில் ஜிம் ரொஸ்கின்ட் 2012 அளவில் வடிவமைத்த குவிக், யூடிபிக்கு மேலே ஓடிக்கொண்டு, தொலைந்ததைத் திரும்பக் கேட்கும். ஆனால் பல வரிசைகளைத் தனித்தனியாக வைத்திருக்கும். ஒரு வரிசையில் கொட்டினால் அந்த வரிசை மட்டும் நிற்கும். 2021 மே மாதம் அது பொதுத் தரமானது. உங்கட போனில் யூடியூப் ஓடும்போது பெரும்பாலும் இதுதான் கீழே ஓடிக்கொண்டு இருக்கு. யூடிபி படத்துக்கு உதவாது, டிசிபிதான் சரி என்று பத்துப் பதினைந்து வருஷம் ஓடிவிட்டு, கடைசியில் அந்த மூன்று பக்கத்துக்கே திரும்பி வந்திருக்கிறாங்க.

எனக்கு நேரடியாக உதவினது எஸ்ஆர்டி. ஹைவிஷன் என்ற கம்பனி செய்தது, 2017இல் எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டாங்க. இதுவும் யூடிபிக்கு மேலேதான். தொலைந்த பொதியைத் திரும்பக் கேட்கும், ஆனால் நீங்கள் கொடுத்த தவணைக்குள் மட்டும். ரெண்டு செக்கன் என்று சொன்னால் ரெண்டு செக்கன் வரைக்கும் கேட்டுப் பார்க்கும். வரல்லையா, விட்டுவிட்டு அடுத்ததைப் பார்க்கும். கடன் கேட்கப் போகிற ஆள் மாதிரி இல்லை, கடனை எழுதிவிடத் தெரிந்த ஆள்.

இப்போது நான் மண்டபத்திலிருந்து நேராகத் தளத்துக்கு ஏற்றுவதில்லை. சிம் ரவுட்டரிலிருந்து எஸ்ஆர்டியில் ஸ்டூடியோவில் இருக்கிற கம்பியூட்டருக்கு அனுப்புகிறேன். அங்கே ஃபைபர் இணைப்பு. அங்கிருந்து ஆர்டிஎம்பியில் தளத்துக்கு. பள்ளிக்குள் முந்நூறு போனோடு சண்டை பிடிக்கிற பகுதிக்கு எஸ்ஆர்டி, சண்டை இல்லாத பகுதிக்குப் பழைய குடை. முதல் தரம் இதைச் செய்த அன்று தவணையை 120 மில்லி செக்கனில் விட்டுவிட்டேன், அதுதான் அவங்க முன்கூட்டிப் போட்டு வைத்திருக்கிற அளவு. படம் கட்டம் கட்டமாக உடைந்தது. ரெண்டாயிரத்துக்குக் கூட்டினதும் கண்ணாடி மாதிரி. எனக்குச் சிரிப்பு வந்தது. திரும்பவும் அதே பாடம்தான்.

பார்க்கிறவங்க பக்கத்துக்குத் தாமதத்தை எப்போதும் சாதாரணத்திலேயே வைக்கிறேன். அதோடு கல்யாண வீட்டுக்காரங்களிடம் ரெண்டு விஷயம் சொல்வேன். வீட்டில் டிவி சத்தத்தைக் கூட்டி வைங்க, ஜன்னலைச் சாத்துங்க. கபூல் முடிந்து ஒரு நிமிஷத்துக்கு வெளிநாட்டுக்கு யாரும் கோல் எடுக்கவாணாம். முதலாவதைச் செய்வாங்க. ரெண்டாவதை எந்த வீட்டிலும் எந்தச் சாச்சியும் கேட்டதில்லை.

வாப்பா போன வருஷம் ஒரேயடியாக வந்துவிட்டார். வந்த மூன்றாம் மாசம் மச்சான் ரியாத் போனார். ராத்தாட ரெண்டாவது புள்ள பிறந்தபோது அவர் அங்கே. ஏழாம் நாள் முடி இறக்கி, பெயர் வைத்து, அகீகா கொடுத்தோம். புள்ளையை மடியில் வைத்திருந்தது வாப்பா. இந்தத் தரம் பள்ளி இல்லை, வீடு. ராத்தா புள்ளைக்குப் பக்கத்தில், கமராவுக்கு நேரே இருந்தா.

தொடங்குவதற்கு முன் மச்சானுக்கு மெசேஜ் போட்டேன். ஒங்கட பக்கம் இணைப்பு எப்படி, எத்தனை பேர் அறையில் என்று.

“ஆறு பேரு மச்சான். லேட்டாகினாலும் காரியமில்ல, சுத்தாம இரிந்தாச் சரி.”

சாதாரணத்தில் போட்டேன். சாச்சிட போனை வாங்கி என் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, பட்டனை அழுத்தினேன்.